யூதத் தாயையும் பாட்டியையும் நினைவுகூர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதக் குடும்பத்தில் அம்மா இறந்தால், முதல் மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை பிள்ளைகளுக்கு இதைச் செய், இதைச் செய்யாதே என்று சட்டம் கூடவே வரும். பாட்டி இறந்தால் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டம் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. கேட்கப்படும் கேள்விகளில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்துதான் வருகின்றன. மீதி, துக்க வீட்டுக்குப் போகிறவர்களும் அந்தக் குடும்பங்களில் மணம் முடித்தவர்களும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களும் கேட்பவை.

கீழே அஷ்கெனாசி என்றால் மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்தவர்கள். செபார்டி என்றால் ஸ்பெயினிலிருந்து வெளியேறியவர்களின் வழிவந்தவர்கள்; மத்திய கிழக்கு யூதர்களையும் பேச்சுவழக்கில் இதே பெயரில் சேர்த்துவிடுவார்கள். வழக்கம் வேறுபடும் இடத்தில் அந்தக் குடும்பத்தின் வழக்கமே செல்லும்.

பாட்டி இறந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் ஷிவா என்ற ஏழு நாள் துக்கம் உட்கார வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். துக்கம் காக்கக் கடமைப்பட்ட உறவுகள் ஏழுதான்: அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவன், உடன்பிறந்தவள், கணவன் அல்லது மனைவி. பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இல்லை. பாட்டிதான் வளர்த்தார் என்றாலும் பட்டியல் மாறாது. அதற்காக அவர்கள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நடந்துகொள்வார்கள் என்று அர்த்தமில்லை. அந்த ஏழு நாளும் வீட்டில் நாற்காலி போடுவது, வந்தவர்களுக்குக் கதவு திறப்பது, தொழுகைக்குப் பத்துப் பேர் சேர்ப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பேரப்பிள்ளைகள் தலையில்தான் விழும்.

இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. குடும்பம் கோஹென் மரபு, அதாவது ஆரோனின் ஆசாரிய வம்சம் என்றால், ஆண்கள் பிணத் தீட்டுப்படக் கூடாது. லேவியராகமம் 21 பெற்ற தாய்க்கு விலக்குத் தருகிறது, பாட்டிக்குத் தரவில்லை. ஆகவே மகன் குழியருகே நிற்பார், அவருடைய பையன் கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்பான். பாசக்குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உயிர் பிரிந்ததும் முதலில் என்ன செய்வார்கள்?

ஹெவ்ரா கதீஷா என்ற அடக்கக் குழுவுக்குச் சொல்லியனுப்புவார்கள். அடக்கம் முடியும்வரை உடல் தனியாக இருக்கக் கூடாது என்பதால் யாராவது ஒருவர் அருகே உட்கார்ந்து வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களை வாசிப்பார். பிள்ளைகள் இந்த இடைவெளியில் ஓனேன் என்ற நிலையில் இருக்கிறார்கள். அன்றாடத் தொழுகைக் கடமைகூட அவர்களுக்குக் கிடையாது. இறைச்சியும் திராட்சரசமும் தொட மாட்டார்கள். அடக்க ஏற்பாட்டைத் தவிர வேறு வேலை இல்லை.

பெண்ணின் உடலைப் பெண்கள்தான் கழுவுவார்கள். இதற்குத் தஹரா என்று பெயர். முதலில் வெதுவெதுப்பான நீரால் உடல் அழுக்கை நீக்குகிறார்கள். நகத்தின் அடியையும் விடுவதில்லை. மூடாத பகுதி எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும்; மீதி வெள்ளைத்துணியின் கீழ். பிறகு ஒன்பது கவ் (பழைய முகத்தலளவு) நீரை இடைவிடாத ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். அமெரிக்கக் குழுக்கள் பல இதை 24 குவார்ட், சுமார் 23 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கின்றன. மூன்று வாளி என்றால், முதல் வாளி தீருமுன் இரண்டாவது வாளியின் நீர் விழத் தொடங்கியிருக்க வேண்டும். ஓட்டம் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

உடுத்துவது பைகள் இல்லாத வெள்ளைத் துணி: தலைத்துணி, சட்டை, கால்சட்டை, மேலங்கி, இடைக்கச்சு. பணக்காரப் பாட்டிக்கும் அதேதான், வேறு துணி கேட்கக் கூடாது. இஸ்ரேலில் பெரும்பாலும் பெட்டி இல்லாமலே மண்ணில் வைப்பார்கள். மற்ற நாடுகளில் உலோக ஆணி இல்லாத எளிய மரப்பெட்டி.

அம்மாவுக்கு உடை கிழிப்பது மற்றவர்களுக்குக் கிழிப்பதிலிருந்து எப்படி வேறு?

இடமும் வேறு, தையலும் வேறு. உடன்பிறந்தவருக்கோ துணைக்கோ வலப்பக்கம் கிழிப்பார்கள். பெற்றோருக்கு இடப்பக்கம், இதயத்துக்கு மேலே. கத்தியால் சிறு வெட்டு போட்டுக் கொடுப்பார்கள். மிச்சத்தைக் கையால் இழுத்து ஒரு கையகலம், ஏறக்குறைய 8 செ.மீ., கிழிக்க வேண்டும். நின்றுகொண்டுதான் கிழிக்க வேண்டும். பெண்கள் உள்ளாடை தெரியாதபடி உடனே ஊக்கு குத்திக்கொள்ளலாம்.

மற்ற உறவுகளுக்குக் கிழித்த துணியை 30 நாளுக்குப் பிறகு ஒழுங்காகத் தைத்துவிடலாம். தாய்க்கோ தந்தைக்கோ கிழித்ததை 30 நாளுக்குப் பிறகு ஓட்டுத்தையல் மட்டும் போடலாம். முழுதாகச் சேர்த்துத் தைக்கவே கூடாது. ஆகவே அன்று எந்தச் சட்டை போடுகிறோம் என்று யோசித்துப் போடுங்கள். பல இடங்களில் சட்டையில் கறுப்பு நாடா குத்தி அதைக் கிழிக்கிறார்கள். சீர்திருத்தச் சமூகங்களில் அது சாதாரணம், வைதிகர்கள் ஏற்பதில்லை.

இரங்கல் உரையில் என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம்?

ஹெஸ்பெத் என்ற இந்த உரையில் ஐந்து நிமிடம் போதும், எழுதினால் 450 முதல் 500 சொல். மூன்று பிள்ளைகளும் ஒரு பேத்தியும் பேசினால் அதற்குள்ளேயே இருபது நிமிடம் ஆகிவிடும், வெயிலிலோ பனியிலோ கூட்டம் நிற்கிறது.

பெரும்பாலான உரைகள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. நீதிமொழிகள் 31-இல் பத்தாம் வசனம் முதல் கடைசி வரை குணசாலியான பெண்ணைப் பாடும் பகுதியை எடுத்துக்கொண்டு, அம்மா அப்படியே இருந்தார் என்று முடித்துவிடுவார்கள். அந்த 22 வசனங்களும் எபிரேய எழுத்து வரிசைப்படி அமைந்தவை; வெள்ளி இரவு மேசையில் பாடுவது வழக்கம்; பெண்களின் அடக்கத்திலும் அடிக்கடி ஒலிக்கும். ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் அதையே பாடுவதால், அதிலிருந்து ஒரே ஒரு வசனத்தை எடுத்து, அதற்கு நேராக அந்தப் பெண் செய்த ஒரு காரியத்தை வைப்பதுதான் கேட்கிறவர் மனதில் நிற்கும். இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுக்கிறாள் என்று ஒரு வசனம் உண்டு. எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த அடுப்பு, என்ன சமைத்தார், யாருக்குக் கட்டிக் கொடுத்தார் என்பதைச் சொல்லுங்கள். இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்லக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இருந்த குணத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். அதற்கு அனுமதி உண்டு.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிசான் மாதம் முழுவதும், ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகை நாட்களிலும், பஸ்கா, கூடாரப் பண்டிகைகளின் இடை நாட்களிலும் வழக்கமாக ஹெஸ்பெத் சொல்வதில்லை. அப்போது இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிட்டு, எழுதியதை முப்பதாம் நாளுக்கு எடுத்துவைப்பார்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் சாப்பாடு யார் கொடுப்பது?

அக்கம்பக்கத்தார். துக்கத்தில் இருப்பவர் முதல் வேளை தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. அவித்த முட்டை, பருப்பு, வட்டமான ரொட்டி என்று உருண்டையானவையாகத்தான் இருக்கும். உருண்டைக்கு வாய் இல்லை, துக்கக்காரருக்கும் பேச்சு இல்லை என்பது ஒரு விளக்கம். வாழ்க்கைச் சக்கரம் என்பது இன்னொன்று. வேதாகமத்தில் ஏசா தன் தம்பி யாக்கோபிடம் வாங்கிக் குடித்த பயற்றங்கூழ்கூட, ஆபிரகாம் இறந்த நாளில் யாக்கோபு தன் அப்பாவுக்காகச் சமைத்த துக்கச் சாப்பாடுதான் என்கிறது தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விளக்க நூல்.

ஏழு நாளை எப்படி எண்ணுவது?

இறந்த நாளிலிருந்து அல்ல, அடக்கம் செய்த நாளிலிருந்து. செவ்வாய்க்கிழமை சூரியன் மறையுமுன் அடக்கம் முடிந்து, வீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டாலும் செவ்வாய் முதல் நாள் ஆகிவிடும். ஏழாம் நாள் திங்கள். நாளின் ஒரு பகுதி முழு நாளுக்குச் சமம் என்பதால், திங்கள் காலைத் தொழுகைக்குப் பிறகு சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள். எழுந்ததும் தெருவை ஒரு சுற்று நடந்து வருவது அஷ்கெனாசி வழக்கம். ஷ்லோஷிம் என்ற முப்பதாம் நாள் இந்தக் கணக்கில் புதன் காலை முடியும். நடுவில் வரும் சனிக்கிழமையும் எண்ணிக்கையில் சேரும். அன்று வெளிப்படையாகத் துக்கம் காட்டாமல் நல்ல உடை உடுத்தி ஜெப ஆலயத்துக்குப் போகலாம்.

தவறு நேர்வது பண்டிகையில். பஸ்கா, வாரங்களின் பண்டிகை, ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டு, யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை ஆகியவற்றில் எது வந்தாலும், அதற்கு முன்பே ஷிவா தொடங்கியிருந்தால் அதோடு முடிந்துவிடும், ஒரு மணி நேரமே உட்கார்ந்திருந்தாலும். பண்டிகையின் இடை நாளில் அடக்கம் நடந்தால் நேர்மாறு: பண்டிகை முடிந்த பிறகுதான் ஏழு நாள் தொடங்கும். ஹனுக்காவும் பூரீமும் ஷிவாவை முறிக்காது.

துக்கம் விசாரிக்கப் போகிறேன். என்ன செய்ய வேண்டும், என்ன கூடாது?

கதவு பூட்டியிருக்காது. அழைப்பு மணி அடிக்காமல் உள்ளே போங்கள். வணக்கம், ஷலோம், எப்படி இருக்கிறீர்கள் எதுவும் வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் தாழ்ந்த நாற்காலியில், தோல் செருப்பு இல்லாமல் இருப்பார். அவர் பேச்செடுக்கும்வரை நீங்கள் பேசக் கூடாது. அவர் கால் மணி நேரம் பேசவில்லை என்றால் நீங்களும் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். இது நம்மவர்களுக்குக் கஷ்டம்தான், நமக்கு ஏதாவது சொல்லியே பழக்கம். கண்ணாடிகள் துணியால் மூடியிருக்கும். ஏன் என்று அன்று கேட்க வேண்டாம்.

சாப்பாடு எடுத்துப்போனால் கோஷர் என்ற உணவுச் சட்டத்தை அந்த வீட்டில் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வழியில்லை என்றால் வெட்டாத பழங்கள் போதும். பூங்கொத்து வேண்டாம். கிளம்பும்போது அஷ்கெனாசிகள் சொல்லும் வாக்கியத்தின் பொருள்: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கிப்பவர்கள் நடுவே இறைவன் உங்களைத் தேற்றுவாராக. செபார்டிகள், வானத்திலிருந்து உங்களுக்கு ஆறுதல் வரட்டும் என்பார்கள். உங்கள் மொழியில் அதைச் சொன்னாலும் போதும். விடைபெற்றுக் கைகுலுக்காமல் எழுந்து வாருங்கள்.

இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் கத்தீஷ் என்ற பிரார்த்தனை பதினொரு மாதம் மட்டும் ஏன்? துக்கம் பன்னிரண்டு மாதம் அல்லவா?

பொல்லாதவர்களுக்கு மறுமையில் தண்டனைக் காலம் பன்னிரண்டு மாதம் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. முழுப் பன்னிரண்டு மாதமும் பிள்ளை கத்தீஷ் சொன்னால், பெற்ற தாயைப் பொல்லாதவள் கணக்கில் சேர்த்ததுபோல ஆகும். அதனால் அஷ்கெனாசிகள் பதினொரு மாதத்தோடு நிறுத்துகிறார்கள். சில செபார்டி சமூகங்களில் பன்னிரண்டாம் மாதத்தின் முதல் வாரம் மட்டும் நிறுத்தி, பிறகு தொடர்வார்கள். பாட்டு, விருந்து, கொண்டாட்டம் ஆகியவற்றுக்கான தடை மட்டும் பன்னிரண்டு மாதமும் இருக்கும், அதுவும் பெற்றோருக்கு மட்டுமே. மற்ற உறவுகளுக்கு முப்பது நாளோடு சரி.

கத்தீஷ் அரமேய மொழியில் உள்ளது. அதில் சாவு என்ற சொல்லே கிடையாது. ‘யித்கதல் வயித்கதாஷ் ஷ்மே ரபா’ என்று இறைவனின் பெயரைப் போற்றித் தொடங்கும். தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் கூட வேண்டும். சொல்ல மகன் மகள் யாரும் இல்லை என்றால் பேரப்பிள்ளை சொல்லலாம். ஆனால் அவருடைய சொந்தப் பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களின் சம்மதம் கேட்டுக்கொள்வது முறை.

மகள்கள் கத்தீஷ் சொல்லலாமா?

சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் சமூகங்களில் கேள்வியே இல்லை. வைதிகர்களில் சில இடங்களில் சொல்கிறார்கள், சில இடங்களில் விடுவதில்லை. முன்கூட்டியே அந்த ஜெப ஆலயத்தின் ரபி என்ற மதகுருவிடம் கேளுங்கள்.

இந்த விவாதத்தில் ஒரு தாயின் பெயர் எப்போதும் வரும். அமெரிக்க யூதப் பெண்களின் ஹதாஸ்ஸா அமைப்பை 1912-இல் தொடங்கிய ஹென்ரியட்டா சோல்டின் அம்மா 1916-இல் இறந்தபோது, ஹைம் பெரட்ஸ் என்ற நண்பர், மகன் இல்லாத அந்த அம்மாவுக்குத் தான் கத்தீஷ் சொல்கிறேன் என்றார். ஹென்ரியட்டா நன்றி சொல்லி மறுத்துவிட்டார். எட்டு மகள்களைப் பெற்ற தன் பெற்றோர் மகன் இல்லையே என்று ஒருநாளும் குறைப்பட்டதில்லை, அப்பா இறந்தபோது மகள்களின் இடத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ள அம்மாவே சம்மதிக்கவில்லை என்று பதில் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

நினைவு நாளை ஆங்கிலத் தேதியில் வைத்துக்கொள்ளலாமா?

யார்ட்ஸைட் என்று இத்திஷிலும் அஸ்காரா, நஹலா என்று செபார்டிகளிடமும் வழங்கும் இந்த நாள் எபிரேய நாட்காட்டிப்படிதான். திதி பார்க்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும்: மாதம் நிலவைப் பின்பற்றுகிறது, 19 ஆண்டில் ஏழு முறை கூடுதல் மாதம் வருகிறது.

மாலையில்தான் நாள் தொடங்கும் என்பதை மறந்தால் தேதியே மாறிவிடும். 2024 ஜனவரி 1 பகலில் இறந்தவருக்கு நாள் எபிரேய மாதமான தேவேத் 20. அன்றே சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து இறந்திருந்தால் தேவேத் 21. மருத்துவச் சான்றிதழில் இரண்டுக்கும் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். ஆகவே நேரத்தையும் ஊரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; பத்து வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. தேவேத் 20 என்று வைத்தால் 2025-இல் அது ஜனவரி 20, 2026-இல் ஜனவரி 9. விளக்கு ஏற்றுவது முந்தின நாள் மாலை.

இதே உதாரணத்தில் இன்னொன்றும் தெரியும். அந்த எபிரேய ஆண்டான 5784 பதின்மூன்று மாதம் கொண்டது. பன்னிரண்டு மாதத் துக்கம் 2024 டிசம்பரிலேயே முடிந்துவிடும். முதல் யார்ட்ஸைட் ஒரு மாதம் கழித்துத்தான் வரும். அந்த நடு மாதத்தில் துக்கம் இல்லை. நிறையப் பேர் தெரியாமல் நீட்டிவிடுகிறார்கள்.

ஆதார் மாதத்தில் இறந்தவருக்கு?

சாதாரண ஆண்டின் ஆதாரில் இறந்தவருக்கு, கூடுதல் மாதத்தால் இரண்டு ஆதார் வரும் ஆண்டில் அஷ்கெனாசிகள் முதல் ஆதாரிலும், செபார்டிகள் இரண்டாவதிலும் நினைவு நாள் வைப்பார்கள். சிலர் இரண்டிலும். இரண்டு ஆதார் உள்ள ஆண்டிலேயே இறந்திருந்தால், அடுத்த அத்தகைய ஆண்டுகளில் அதே ஆதார்தான். அடுத்து இது எழுவது 5787-இல், அதாவது 2027 தொடக்கத்தில்.

இறந்த நாளே தெரியாது. ஷோவா என்ற நாஜி இனப்படுகொலையில் போன பாட்டி.

இஸ்ரேல் தலைமை ரபிகள் தேவேத் 10 நோன்பு நாளைப் பொதுக் கத்தீஷ் நாளாக வைத்திருக்கிறார்கள். நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் அன்று. ரயில் கிளம்பிய நாள் போன்ற ஏதாவது ஆவணத் தேதி தெரிந்தால் அதை எடுத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. ஒரு தேதியை முடிவுசெய்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். எருசலேமிலுள்ள யாத் வஷேம் என்ற அந்தப் படுகொலையின் நினைவகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சித் தாள் நிரப்பலாம். கன்னிப் பருவக் குடும்பப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊரை அன்று எப்படி அழைத்தார்களோ அந்தப் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஒரே பெயரில் உள்ள பலரிலிருந்து உங்கள் பாட்டியைப் பிரித்துக் கண்டுபிடிக்க முடியும்.

நினைவு மெழுகுவர்த்தி பற்றி நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை?

ஒரு நாளுக்கு மேல், 24 முதல் 26 மணி நேரம் எரியும்படி கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய மெழுகு. செபார்டி வீடுகளில் எண்ணெயில் மிதக்கும் திரியும் உண்டு. மனிதனின் ஆவி கர்த்தர் ஏற்றிய தீபம் என்ற நீதிமொழிகள் 20:27-தான் அடிப்படை. ஏற்றுவதற்கென்று கட்டாயப் பிரார்த்தனை எதுவும் இல்லை.

தம்ளர் கடைசி இரண்டு மணி நேரத்தில் மிகவும் சூடாகும், அப்போதுதான் விரிசல் விடும். உலோகத் தட்டில் வைத்து, திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில், இரவில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்ளே வைப்பது நல்லது. ஊதி அணைப்பது வழக்கமில்லை. வெள்ளி மாலை என்றால் சப்பாத் என்ற ஓய்வுநாளின் விளக்குக்கு முன் இதை ஏற்றிவிட வேண்டும். பண்டிகை நாளில் புதிதாகத் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, ஏற்கெனவே எரியும் சுடரிலிருந்து பற்றவைக்கலாம். முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் மின்விளக்கு போதும்.

எரிந்து முடிந்த தம்ளரை அஷ்கெனாசிப் பாட்டிகள் தூக்கிப்போட மாட்டார்கள். வெந்நீரில் ஊறவைத்து, அடியில் ஒட்டியிருக்கும் திரியின் தகரத்தைக் கத்திமுனையால் நெம்பி எடுத்து, மெழுகைத் தொட்டியில் கொட்டாமல் காகிதத்தில் துடைத்தெடுத்து, அதிலேயே பழரசம் குடிப்பார்கள், மாவும் அளப்பார்கள். தாத்தாவின் தாயாருக்கு ஏற்றிய தம்ளர் நாற்பது வருடம் கழித்துச் சர்க்கரை டப்பாவுக்குள் அளவுக் கிண்ணமாகக் கிடக்கும்.

பாட்டியின் கைப்பக்குவத்தை எப்படி எழுதிவைப்பது?

முதலில் அந்தத் தம்ளரைத் தேடுங்கள். குறிப்பேட்டில் ‘இரண்டு தம்ளர்’ என்றிருந்தால் எந்தத் தம்ளர் என்று தெரியாமல் அந்தக் குறிப்பு எதற்கும் உதவாது. நீர் நிரப்பி மில்லிலிட்டரில் அளந்து எழுதுங்கள். பிறகு மாவை அவர் போடும் விதத்தில், அழுத்தாமல் அள்ளி, எடை போட்டுக்கொள்ளுங்கள். பாட்டி உயிரோடிருக்கும்போதே என்றால், அவர் கண்திட்டமாகப் போடுமுன் ஒவ்வொரு பாத்திரத்தையும் எடை போட்டு, போட்ட பிறகு மறுபடி போடுங்கள். குறுக்கே பேசாதீர்கள், பேசினால் கை மாறிவிடும்.

கோழி ரசத்தில் போடும் க்னைட்லக் உருண்டையை எடுத்துக்கொள்வோம். பொதுவான அளவு: நான்கு முட்டை, ஒரு கப் மட்ஸா மாவு (மட்ஸா என்ற புளிக்காத ரொட்டியைப் பொடித்தது), கால் கப் கோழிக் கொழுப்பு, கால் கப் ரசம், ஒரு தேக்கரண்டி உப்பு. கலந்து, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, ஈரக் கையால் மெல்ல உருட்டி, உப்பிட்ட கொதிநீரில் மூடிபோட்டு 30 முதல் 40 நிமிடம். கல் மாதிரி வந்தால் மூன்று காரணம்தான்: மாவு ஊறவில்லை, உருண்டையை அழுத்திப் பிடித்தீர்கள், நடுவில் மூடியைத் திறந்தீர்கள். உருண்டை இரண்டு மடங்காகும், பானையில் இடம் விடுங்கள். இன்னொரு பக்கம், சில குடும்பங்களுக்கு அந்தக் கெட்டி உருண்டைதான் பாட்டியின் உருண்டை. அப்படியென்றால் ஒரு முட்டையைக் குறைத்து, ஊறும் நேரத்தையும் குறையுங்கள். ஹசீதியம் என்ற வைதிகப் பிரிவைச் சேர்ந்த குடும்பமாக இருந்தால் பஸ்கா வாரத்தில் மட்ஸாவை நீரில் நனைக்கவே மாட்டார்கள். அதையும் குறிப்பின் மேலே எழுதிவையுங்கள்.

இஸ்கோர் என்ற நினைவுப் பிரார்த்தனை எப்போது?

ஆண்டுக்கு நான்கு முறை: யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையை அடுத்து வரும் ஷெமினி அட்ஸெரெத், பஸ்காவின் கடைசி நாள், வாரங்களின் பண்டிகை. தாய்க்குத் தனிப் பத்தி, பாட்டிக்கும் தனிப் பத்தி அச்சிட்டிருக்கும். பேரப்பிள்ளை தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது. பெற்றோர் உயிரோடிருப்பவர்கள் அந்த நேரம் வெளியே போய்விடுவது பல ஜெப ஆலயங்களில் பழக்கம். அங்கே பாட்டிக்காக நிற்க விரும்பினால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே அஷ்கெனாசிகள் இறந்தவரின் பெயரோடு தந்தை பெயரைச் சேர்ப்பார்கள், செபார்டிகள் பெரும்பாலும் தாய் பெயரை.

கல்லறைக் கல்லில் என்ன பிழைகள் வரும்?

இஸ்ரேலில் முப்பதாம் நாளையொட்டியும், அமெரிக்காவில் ஓராண்டு நெருங்கும்போதும் கல் நாட்டுகிறார்கள். மேலே பே, நூன் என்ற இரண்டு எழுத்து, இங்கே அடங்கியிருப்பவர் என்பதன் சுருக்கம். கீழே தாவ், நூன், ட்ஸாதி, பேத், ஹே என்ற ஐந்து எழுத்து: அவர் ஆத்துமா ஜீவனுள்ளோரின் கட்டிலே கட்டப்பட்டிருக்கட்டும். இது 1 சாமுவேல் 25:29-இல் அபிகாயில் தாவீதிடம் சொன்னது. ஒரு பெண் சொன்ன சொல்தான் எல்லாக் கல்லறைகளிலும் இருக்கிறது.

வெட்டுமுன் தாளில் வரைபடம் வாங்கி, எபிரேயம் வாசிக்கும் இருவரிடம் காட்டுங்கள். ‘பத்’ என்ற மகள் இடத்தில் ஆணுக்குரிய ‘பென்’ விழுவது அடிக்கடி நடக்கும். தாலெத், ரேஷ் இரண்டும் ஒரு மூலையளவே வேறு. ஹே, ஹெத் ஒரு சிறு இடைவெளியளவு. ஆண்டைத் தாவ், ஷின், பே, தாலெத் என்று எழுதினால் 784. ஐயாயிரம் சொல்லாமலே சேர்ந்துகொள்ளும். கிழக்கு ஐரோப்பாவில் பெண்களின் கல்லில் சப்பாத் விளக்குத் தண்டு செதுக்குவது பழைய மரபு.

கல்லறைக்குப் போகும்போது பூ வேண்டாம், ஒரு கூழாங்கல்லை இடக்கையால் வைத்தால் போதும். வெளியே வந்ததும் கை கழுவ வேண்டும்.

குழந்தைக்குப் பாட்டியின் பெயர் வைக்கலாமா?

அஷ்கெனாசி என்றால் இறந்த பிறகுதான். உயிரோடிருக்கும் பாட்டியின் பெயரை வைத்தால் பதறிப்போவார்கள். செபார்டி என்றால் உயிரோடிருக்கும்போதே வைப்பது மரியாதை, வைக்காவிட்டால்தான் மனவருத்தம். இந்த இரு மரபினரும் கலக்கும் திருமணங்களில் முதல் சண்டை இதில்தான் வரும். பிறக்குமுன்பே பேசிவிடுங்கள்.

கொச்சி யூதப் பாட்டிகளுக்கென்று ஏதாவது உண்டா?

அவர்கள் விட்டுச்சென்றது கைப்பட எழுதிய பாட்டு நோட்டுப் புத்தகங்கள். யூத மலையாளப் பாடல்களைப் பெண்கள் நோட்டில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவையும் கூடவே போயின. அப்படி ஒரு நோட்டு வீட்டில் இருந்தால் நெகிழி உறையில் திணிக்காமல், அமிலமற்ற தாளில் சுற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, மெட்டுத் தெரிந்தவர் இருக்கும்போதே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். எழுத்து மட்டும் இருந்தால் பாதிதான் இருக்கிறது.

சட்டம் கேட்காவிட்டாலும் பேரப்பிள்ளைகள் என்ன செய்யலாம்?

மிஷ்னாவின் 63 பகுதிகளைப் பங்கிட்டு முப்பதாம் நாளுக்குள் படித்து முடிப்பது பரவலான வழக்கம். மிஷ்னா, நெஷாமா என்ற ஆத்துமா இரண்டும் எபிரேயத்தில் ஒரே நான்கு எழுத்துகள். பெரிய பகுதிகளை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள், கடைசியில் யாரும் எடுக்க மாட்டார்கள். பாட்டியின் பெயரில் தர்மம் கொடுப்பதென்றால் 18-இன் மடங்காகக் கொடுப்பார்கள். உயிர் என்ற எபிரேயச் சொல்லின் எண் அது.

அவருடைய துணிமணியும் விளக்கும் யாருக்கு?

துணியைத் தானம் செய்யலாம், பிள்ளைகள் உடுத்தலாம். இறந்தவரின் செருப்பை மட்டும் போட மாட்டார்கள். சப்பாத் விளக்குத் தண்டுகள் வழக்கமாக மூத்த மகளுக்கு; இரண்டு மகள்கள் என்றால் ஜோடியைப் பிரிப்பதற்குப் பதில் சுழற்சியாக வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. பாட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சுடர் என்று ஏழு ஏற்றியிருப்பார். பேத்திக்கு அது வந்தால் ஏழு ஏற்ற வேண்டியதில்லை, தன் வீட்டுக் கணக்குக்கு ஏற்றினால் போதும். வெள்ளித் தண்டில் உறைந்த மெழுகைச் சுரண்டாதீர்கள், கீறல் விழும். சூடான நீரில் சிறிது நேரம் நிற்கவைத்துத் துணியால் துடைத்தால் வந்துவிடும்.